பதவிக்கு ஒரு பக்கமா, பணிக்கு ஒரு பக்கமா?

இடைத்தேர்தலில் ஒரே ஒரு முறை வென்று, சட்டமன்றத்தில் வாயே திறக்காமல் ஊர் திரும்பியவருக்கும் விக்கிப்பீடியாவில் தனிப் பக்கம் உண்டு. அதே ஆண்டுகளில் மாநில நிர்வாகம் முழுவதையும் கையில் வைத்திருந்த தலைமைச் செயலாளருக்கு அந்தப் பக்கம் தானாகக் கிடைக்காது. நாடாளுமன்றம், மாநிலச் சட்டமன்றம் ஆகியவற்றில் உறுப்பினராக இருந்தவர்களையும், மாநில அளவில் பதவி வகித்த நீதிபதிகளையும் ஆங்கில விக்கிப்பீடியா முன்கூட்டியே 'குறிப்பிடத்தக்கவர்' என்று வைத்துக்கொள்கிறது. அரசு அலுவலர்களுக்கென்று அப்படித் தனி விதி எதுவும் அங்கே இல்லை. எல்லோருக்கும் உள்ள பொதுவிதிதான் அவர்களுக்கும்: அவரோடு தொடர்பில்லாத, நம்பத்தகுந்த மூலங்கள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். 2003இல் தொடங்கி 2017இல் ஒரு லட்சம் கட்டுரைகளைத் தாண்டிய தமிழ் விக்கிப்பீடியாவும் ஏறக்குறைய இதே அளவுகோலைத்தான் குறிப்பிடத்தக்கமை என்ற பெயரில் வைத்திருக்கிறது.

விதி என்று பார்த்தால் நியாயமானது. ஒருவர் பெரியவரா சிறியவரா என்று தொகுப்பவர் தீர்ப்பளிக்க வேண்டியதில்லை. மற்றவர்கள் எழுதியிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். நடிகருக்கும் கிரிக்கெட் வீரருக்கும் இது சிக்கலில்லாமல் பொருந்துகிறது, ஏனென்றால் பேசப்படுவதே அவர்கள் தொழிலின் ஒரு பகுதி. அரசு ஊழியரின் தொழில் நேர்எதிரானது. அமைச்சர் பேசுவார், அலுவலர் எழுதுவார், எழுதியதில் அவர் பெயர் இருக்காது.

தமிழ்நாடு அரசின் அரசாணை ஒன்றை எடுத்துப் பாருங்கள். படிக்கப்பட்டவை என்று பழைய ஆணைகளும் கடிதங்களும் மேலே வரிசையாக இருக்கும். பிறகு எண்ணிட்ட பத்திகள். முடிவில் 'ஆளுநரின் ஆணைப்படி' என்று போட்டு, செயலாளரின் பெயர். அதற்கும் கீழே, ஆணைப்படி அனுப்பப்படுகிறது என்ற வரியின் அடியில் பிரிவு அலுவலரின் கையெழுத்து. இந்தத் திட்டம் யார் மூளையில் தோன்றியது, எந்த உதவிப் பிரிவு அலுவலர் முதல் குறிப்பை எழுதினார், நிதித்துறையின் மறுப்பைத் தாண்டி அதைக் கொண்டுபோனவர் எந்தத் துணைச் செயலாளர் என்பதெல்லாம் குறிப்புக் கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பு வெளியே வராது. பதவியில் இருக்கும்வரை அவர்களே வாய் திறந்து சொல்லவும் முடியாது. அகில இந்தியப் பணி அலுவலர்களுக்கு 1968ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், மற்றவர்களுக்கு அவரவர் துறை விதிகள். ஆக, வெளியே எழுதப்பட்டிருக்கிறதா என்று கேட்கும் களஞ்சியமும், வெளியே தெரியாமல் வேலை செய் என்று சொல்லும் பணியும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி நிற்கின்றன. பக்கங்களை நீக்குவது பற்றிய உரையாடல்களில் மறுபடி மறுபடி எழும் சண்டைகளில் பாதிக்கு வேர் இங்கேதான்.

தமிழர் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்த முன்னோடிகளில் ஒருவரே அரசு ஊழியர் என்பதை இந்த இடத்தில் சொல்லத் தோன்றுகிறது. 1859இல் 'தமிழ் புளூட்டாக்' நூலை வெளியிட்ட சைமன் காசிச்செட்டி, இலங்கை சிவில் சேவையில் இருந்தவர், சிலாபத்தில் நீதிபதியாகப் பணியாற்றியவர். அவர் தொகுத்தது புலவர்களை. சக அலுவலர்களுக்கு அதில் என்ன வேலை? 1910இல் வந்த சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' புராண மாந்தரையும் புலவரையும் மன்னரையும் முன்னே நிறுத்தியது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியத்துக்கோ காகிதமே எல்லையாக இருந்தது. ஒருவரைச் சேர்த்தால் இன்னொருவரை விடவேண்டும் என்ற நெருக்கடியே அங்கே தேர்வை நடத்தியது.

பிரிட்டனில் இரண்டு வழிகள் இருந்தன. 'ஹூஸ் ஹூ' என்ற ஆண்டுத் தொகுப்பு பதவியைப் பார்த்து ஆளைச் சேர்த்தது. விவரங்களை எழுதிக் கொடுப்பவரும் அந்த ஆளேதான். ஆக்ஸ்போர்டின் தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதி, ஆள் இறந்த பிறகே கதவைத் திறக்கும். உயிரோடு இருப்பவரைப் பற்றி அது பேசாது. விக்கிப்பீடியா இந்த இரண்டில் எதுவும் ஆகவில்லை: பதவியை மட்டும் பார்ப்பதில்லை, ஆள் சாகும்வரை காத்திருப்பதுமில்லை.

காகிதத் தட்டுப்பாடு இல்லாத இடத்தில் எல்லோரையும் சேர்த்துவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் ஜான் சீகெந்தாலரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கப் பத்திரிகையாளர், 1961இல் அந்நாட்டுச் சட்டத்துறைத் தலைவர் ராபர்ட் கென்னடிக்கு நிர்வாக உதவியாளராக இருந்தவர். 2005இல் யாரோ ஒருவர், கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பிருப்பதாக ஒரு காலத்தில் சந்தேகிக்கப்பட்டதாக அவரது விக்கிப்பீடியாப் பக்கத்தில் எழுதி வைத்தார். நான்கு மாதங்கள் அந்தப் பொய் அப்படியே கிடந்தது. யாரும் கவனிக்கவில்லை, காரணம் அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கவில்லை. சீகெந்தாலர் அதைப் பற்றி நாளிதழில் எழுதிய பிறகுதான், பதிவு செய்யாத பயனர்கள் புதுக் கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது. உயிரோடு இருப்பவர்களின் வாழ்க்கை வரலாறுகளுக்கென்று கடுமையான கொள்கையும் பிறந்தது. இணையத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை. பார்த்துக்கொள்ளும் கண்களுக்குத்தான் பஞ்சம். தமிழ் விக்கிப்பீடியாவில் தொடர்ந்து உழைப்பவர்கள் ஒரு சிறு கூட்டம். மாவட்ட வருவாய் அலுவலர், கோட்டாட்சியர் என்று ஆயிரம் பக்கங்களைத் திறந்துவிட்டால், பகை கொண்ட ஒப்பந்ததாரர் ஒருவர் அதில் ஒரு வரி சேர்ப்பதை யார் பார்த்துக்கொண்டிருப்பது?

தமிழில் இப்படி வரும் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு; ஒன்றைப் பார்த்தால் மற்றவற்றையும் பார்த்த மாதிரி. முதல் பத்தியில் எளிய குடும்பம், அரசுப் பள்ளி, தமிழ்வழிக் கல்வி. இரண்டாவதில் குடிமைப் பணித் தேர்வில் எத்தனையாவது முயற்சி, எத்தனையாவது இடம். மூன்றாவதில் தற்போதைய மாவட்டம். பிறகு சாதனைகள்: ஏரி தூர்வாரினார், மகளை அங்கன்வாடியில் சேர்த்தார், திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் மாற்றுத்திறனாளியிடம் தாமே இறங்கிப் போய் மனு வாங்கினார். அடியில் ஏழெட்டு மேற்கோள்கள். அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்தால் வேடிக்கை புரியும். நான்கு நாளிதழ்களின் செய்தியிலும் ஒரே வாக்கியம், ஒரே முற்றுப்புள்ளி, ஒரே புகைப்படம். மக்கள் தொடர்பு அலுவலர் அனுப்பிய குறிப்பு நான்கு இடங்களில் அச்சேறியிருக்கிறது, அவ்வளவுதான். எண்ணிக்கையில் நான்கு, மூலம் என்று பார்த்தால் ஒன்று. அந்த ஒன்றும் ஆட்சியர் அலுவலக வளாகத்துக்குள்ளிருந்தே வந்தது. விதி கேட்கும் 'தொடர்பில்லாத' என்ற சொல் அங்கேயே விழுந்துவிடுகிறது.

மிச்சம் இருப்பவற்றில் ஒன்று நேர்காணலாக இருக்கும், அதாவது அவரே அவரைப் பற்றிச் சொன்னது. இன்னொன்று இடமாற்றப் பட்டியல். ஆங்கிலத்தில் இந்தச் சந்தேகம் இன்னும் ஆழமானது: காசுக்குச் செய்தி போடும் வழக்கம் பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் துணைக்குழுவே 2010இல் அறிக்கை கொடுத்தது. இந்தியச் செய்தி நிறுவனங்களின் புகழ்ச்சிக் கட்டுரைகளை எச்சரிக்கையோடு அணுக வேண்டும் என்று ஆங்கில விக்கிப்பீடியர்கள் தனிக் குறிப்பே எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பக்கத்தில் அந்த அளவு விழிப்பு இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம். 'நாளிதழில் வந்திருக்கிறதே' என்பதோடு வாதம் முடிந்துவிடுகிறது.

இதற்கு அடுத்த வகை, அரசோடு மோதிப் பெயர் பெற்றவர்கள். அரியானா மாநிலப் பிரிவைச் சேர்ந்த அசோக் கெம்கா 1991ஆம் ஆண்டு அணி ஐ.ஏ.எஸ். 2025 ஏப்ரலில் ஓய்வு பெறும்வரை 57 முறை இடம் மாற்றப்பட்டார். 2012இல் ராபர்ட் வதேராவின் நிறுவனத்துக்கும் டி.எல்.எஃப் நிறுவனத்துக்கும் இடையிலான நிலப் பரிமாற்றத்தின் பட்டா மாற்றத்தை அவர் ரத்து செய்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது. சகாயம் 2012இல் மதுரை ஆட்சியராக இருந்து கிரானைட் முறைகேடு குறித்து அனுப்பிய அறிக்கையும், 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே விசாரணைக்கு நியமித்ததும் அப்படித்தான். இருவருக்கும் பக்கம் இருப்பதில் எனக்குத் தயக்கமில்லை, ஏனென்றால் அவர்களைப் பற்றிய எழுத்து ஒரு நாளோடு நின்றுவிடவில்லை. நீதிமன்றம், சட்டமன்றம், தேர்தல் மேடை என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

ஆனால் இவர்களைக் காட்டி, ஒரு முறை பணியிடை நீக்கம் செய்யப்பட்ட வட்டாட்சியருக்கும் பக்கம் கேட்பார்கள். ஒரே ஒரு நிகழ்வால் மட்டும் அறியப்பட்டு, மற்றபடி வெளிச்சத்துக்கு வராதவருக்குத் தனி வாழ்க்கை வரலாறு வேண்டாம், நிகழ்வைப் பற்றிய கட்டுரையில் அவரைச் சொன்னால் போதும் என்பது விக்கிப்பீடியாவின் வழக்கம். இதில் இரக்கமும் இருக்கிறது. பாராட்டிலிருந்து தொடங்கும் பக்கம் பாராட்டிலேயே முடியும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அடுத்த ஆண்டு இலஞ்ச ஒழிப்புத் துறை அவர் வீட்டுக் கதவைத் தட்டினால், அந்தச் செய்தியும் அதே பக்கத்தில் ஏறும். வழக்கு தள்ளுபடியானால் அதைச் சேர்க்க யாருக்கும் நேரம் இருக்காது.

விதியின் மறுபக்கக் குறை இதைவிடப் பெரிது என்று நினைக்கிறேன். சுகுமார் சென்னை எடுத்துக்கொள்வோம். ஐ.சி.எஸ். அலுவலர், 1950இல் இந்தியாவின் முதல் தலைமைத் தேர்தல் ஆணையர். 17 கோடிக்கு மேற்பட்ட வாக்காளர்கள், அவர்களில் பெரும்பான்மையோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். சின்னங்கள், வாக்குப் பெட்டிகள், வாக்காளர் பட்டியல் என எல்லாவற்றையும் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து உண்டாக்கியாக வேண்டும். பட்டியல் எடுத்தபோது பல மாநிலங்களில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்ல மறுத்தார்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவாகியிருந்தது. சென் அதை ஏற்கவில்லை. பெயர் சொல்லாத ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். வலி தந்த முடிவு; அடுத்த தேர்தலுக்குள் பெண்கள் தம் பெயரோடு வருவார்கள் என்பது அவர் கணக்கு. பிறகு 1953இல் சூடானின் தேர்தலை நடத்தவும் அவரைத்தான் அழைத்தார்கள். இவ்வளவு செய்தவர் தன்னைப் பற்றி நினைவுக் குறிப்போ சொந்த ஆவணங்களோ விட்டுச் செல்லவில்லை என்று வரலாற்றாசிரியர் ராமச்சந்திர குஹா குறைப்பட்டிருக்கிறார். முதல் தேர்தல் பற்றிய சென்னின் அலுவல்முறை அறிக்கை இருக்கிறது. அதில் தேர்தல் இருக்கிறது, அவர் இல்லை.

சென்னுக்குப் பக்கம் இருக்கிறது, சந்தேகமில்லை. பதவியின் உயரம் அவரைக் காப்பாற்றியது. அவருக்குக் கீழே மாகாணந்தோறும் அந்த வேலையைச் செய்த தேர்தல் அலுவலர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. டி.என். சேஷனையும் இப்படி யோசித்துப் பார்க்கலாம். 1990 டிசம்பரில் தலைமைத் தேர்தல் ஆணையர் ஆகாமல், அமைச்சரவைச் செயலாளராகவே ஓய்வு பெற்றிருந்தால்? இந்திய நிர்வாகத்தின் உச்சப் பதவி அது. அப்போதும் அவரைப் பற்றி விரிவாக எழுதிய மூலங்களைத் தேடி அலைய வேண்டியிருந்திருக்கும். அடுத்த ஆறு ஆண்டுகளும் 1996இன் மகசேசே விருதும் சேர்ந்து அந்தத் தேடலைத் தேவையற்றதாக்கின.

காலமும் இதில் ஒரு கட்சிக்காரர். பிரான்சிஸ் வைட் எல்லிஸ் 1810 முதல் சென்னையின் கலெக்டர். 1812இல் தொடங்கிய சென்னைக் கல்விச் சங்கத்தின் உயிர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்பதை 1816இலேயே, கால்டுவெல்லுக்கு நாற்பதாண்டு முன்பே, கேம்பெலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்குறிப்பில் நிறுவினார். 1819இல் இறந்துபோனார். அதன் பிறகு கலெக்டர் எல்லிஸ் பல தலைமுறைக்குக் குறள் ஆர்வலர் என்ற அளவில்தான் நினைவில் இருந்தார். 2006இல் தாமஸ் டிரவுட்மன் அவரை மையமாக வைத்துத் தனி நூல் எழுதியதும் நிலைமை மாறியது. 1816இல் செய்த வேலை 2006இல்தான் மூலம் பெற்றது. இன்று ஒரு பக்கம் நீக்கப்பட்டால் அது என்றைக்குமான தீர்ப்பு ஆகாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. நூல் வரட்டும், பக்கம் வரும்.

கையெழுத்துப் போட்ட நாற்காலியால் அன்றி வேறு வேலையால் இடம் பெறுபவர்கள் விஷயத்தில் சர்ச்சையே இல்லை. ஐராவதம் மகாதேவன் 1954ஆம் ஆண்டு அணி ஐ.ஏ.எஸ்.; 1977இல் சிந்து எழுத்துகளுக்கான தொகுப்பும், 2003இல் தொல்தமிழ்க் கல்வெட்டுகள் பற்றிய பெருநூலும் இல்லாமல் போயிருந்தால் அவருடைய பணிக்காலத்தை யார் தேடியிருப்பார்கள்? சிந்து முதல் வைகை வரை எழுதிய, ஒடிசா மாநிலப் பிரிவைச் சேர்ந்த ஆர். பாலகிருஷ்ணனுக்கும் இது பொருந்தும். இறையன்பு 2021 முதல் 2023 வரை தலைமைச் செயலாளர். பக்கத்தைத் தேடி வருபவர்களில் பாதிப் பேராவது அவருடைய புத்தகங்களுக்காக வருகிறார்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

நெ.து. சுந்தரவடிவேலு வேறு வகைச் சிக்கல். காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநர். 1956இல் தொடங்கிய மதிய உணவு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் எல்லாவற்றிலும் அவர் கை உண்டு. பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். இன்று 'மதிய உணவு' என்றவுடன் காமராசர் பெயர் வருகிறது, அது சரியே. ஊர் ஊராகப் போய் அரிசியும் பருப்பும் திரட்ட ஆசிரியர்களையும் ஊர்ப் பெரியவர்களையும் உட்காரவைத்துப் பேசிய இயக்குநரைப் பற்றி நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவரே எழுதிய 'நினைவு அலைகள்' வழியாக. தன்வரலாற்றைக் கொண்டு பிறந்த ஊரையும் படித்த கல்லூரியையும் எழுதலாம். குறிப்பிடத்தக்கவர் என்று நிறுவ அதை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி. எனக்கு இதில் உடன்பாடுதான், ஆனால் விதியின் விலை தெரிய வேண்டும்: தமிழில் அலுவலர்களைப் பற்றிக் கிடைப்பவை தன்வரலாறும் மணிவிழா மலரும்தான். மலரில் எழுதுபவர்கள் எல்லோரும் நண்பர்கள். மற்றொருவர் ஆராய்ந்து எழுதிய வாழ்க்கை வரலாறு அபூர்வம். நெ.து.சு.வுக்குப் பத்மஸ்ரீயும் துணைவேந்தர் பதவியும் துணைக்கு வந்தன. அவருக்குக் கீழே இருந்த மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கு அதுவும் இல்லை.

'முதல்' என்ற அடைமொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதுதான் அதிகம் துஷ்பிரயோகம் ஆவது. அன்னா ராஜம் மல்கோத்ரா 1951ஆம் ஆண்டு அணி, சென்னை மாகாணப் பிரிவு, நாட்டின் முதல் பெண் ஐ.ஏ.எஸ். இந்த 'முதல்' வெறும் வரிசை எண்ணாக நிற்கவில்லை. பெண்ணை மாவட்ட நிர்வாகத்துக்கு அனுப்பலாமா என்று முதலமைச்சர் ராஜாஜியே தயங்கிய காலம் அது. முத்தம்மா வெளியுறவுப் பணியின் முதல் பெண். திருமணம் செய்துகொள்ள அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது போன்ற விதிகளை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனார். 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு சட்ட மாணவர்கள் இன்றும் படிப்பது. இவர்களோடு, 'இந்த மாவட்டத்தின் முதல் பெண் காவல் கண்காணிப்பாளர்', 'இந்தத் தாலுகாவின் முதல் பட்டதாரி வட்டாட்சியர்' என்பவர்களையும் ஒரே தட்டில் வைத்துக் கேட்பது நடக்கிறது. வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே போனால் எல்லோரும் எதிலாவது முதல்வர்தான்.

மக்கள் நினைவில் ஆழமாக இருப்பது தனி வழக்கு. முல்லைப் பெரியாற்றில் 1895இல் அணையை முடித்த பென்னிகுவிக், மராமத்துத் துறைப் பொறியாளர், அதாவது முழுமையான அரசு ஊழியர். தேனி மாவட்டத்தில் வீட்டுச் சுவரில் சாமிப் படங்களோடு அவர் படமும் தொங்கும். அவர் பிறந்த நாளில் பொங்கல் வைப்பார்கள். லோயர் கேம்ப்பில் அரசு மணிமண்டபம் இருக்கிறது. பக்கம் வேண்டுமா என்ற கேள்விக்கு இடமில்லை; பக்கத்தில் எதை எழுதுவது என்பதே கேள்வி. சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்பது அங்கே குழந்தைக்கும் தெரிந்த கதை. வாய்மொழியைத் தாண்டிச் சான்று கேட்டால் கதை தடுமாறுகிறது. அதை உண்மை என்றும் எழுதாமல், இல்லாததுபோல் விட்டும் விடாமல், மக்கள் இப்படி நம்புகிறார்கள் என்று எழுதுவதே களஞ்சியக்காரரின் வேலை.

பதவிகளையே பட்டியலிட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீராதா? ஜெர்மன் விக்கிப்பீடியா ஓரளவு அதைத்தான் செய்கிறது. 20,000 பேருக்கு மேல் வாழும் ஊரின் முழுநேர மேயர் என்றால் பக்கம் உண்டு என்பது போல எண்ணும் பதவியும் போட்டு விதி வகுத்திருக்கிறார்கள். விவாத நேரம் மிச்சம். தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டுவந்தால், தலைமைச் செயலாளர், காவல்துறைத் தலைமை இயக்குநர் வரை நானும் கைதூக்குவேன். அந்த இடங்களுக்கு வந்தவர்களைப் பற்றி முயன்று தேடினால் எழுத்து கிடைக்கும். ஆட்சியர் வரை இறங்கினால் ஒப்ப மாட்டேன். இன்று 38 மாவட்டங்கள். ஓர் ஆட்சியர் ஓர் இடத்தில் இரண்டு மூன்று ஆண்டு இருந்தாலே அதிகம். கிடைக்கப்போவது வாழ்க்கை வரலாறாக இராது, இடமாற்ற ஆணைகளின் தொகுப்பாகத்தான் இருக்கும். மாவட்டக் கட்டுரையோடு ஆட்சியர்கள் பட்டியல் ஒன்று, பெயர், ஆண்டு, சான்றோடு இருந்தால், தேடி வருபவருக்கு வேண்டியது அதில் கிடைத்துவிடும். பெயரைத் தேடினால் பட்டியலுக்குப் போகும்படி வழிமாற்று வைப்பது ஒரு நிமிட வேலை.

அதைவிட முக்கியம், பணியைப் பற்றிய கட்டுரைகள். ஊட்டி என்ற ஊர் உருவானதை எழுதினால் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்தே தீருவார். மதிய உணவுத் திட்டத்தின் வரலாற்றை ஒழுங்காக எழுதினால் கல்வித் துறையில் யார் என்ன செய்தார்கள் என்பது அதில் வரும். ஆள் பக்கம் வேண்டும் என்று மல்லுக்கட்டுபவர்கள் பணிப் பக்கத்தை எழுதாமல் விட்டிருப்பதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம். அது சிரமம்: நூலகம் போக வேண்டும், கொள்கை விளக்கக் குறிப்புகளையும் பழைய மாவட்ட விவரச்சுவடிகளையும் புரட்ட வேண்டும்.

எழுதுபவர் யார் என்பதும் பார்க்கவேண்டியது. 2015இல் நேருவைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கத்தில் நடந்த விஷமத் திருத்தங்கள், தேசியத் தகவலியல் மையத்துக்கு உரிய இணைய முகவரியிலிருந்து வந்தவை என்று தெரிந்து பெரும் செய்தியானது. அலுவலகக் கணினியில் நேருவையே மாற்ற முடியும் என்றால், அதிகாரியின் பக்கத்தை அவருடைய நேர்முக உதவியாளர் தொடங்குவது எவ்வளவு நேரம் ஆகும்? தொகுப்பு வரலாற்றைத் திறந்தால் தெரிந்துவிடும்: அந்த ஒரு கட்டுரையைத் தவிர வேறு எதையும் தொடாத பயனர் கணக்கு, பதவி மாறிய அன்றே புதுப்பிக்கப்படும் தகவல் பெட்டி, அலுவலகத்துக்கு மட்டுமே கிடைக்கக்கூடிய தெளிவான புகைப்படம். சார்பு இருப்பதாலேயே பக்கத்தை நீக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. சான்றுகளை இரண்டு மடங்கு கண் விரித்துப் பார்க்கச் சொல்கிறது.

கடைசியாக, பக்கம் வேண்டாம் என்று அந்த அலுவலரே கேட்டால்? அதிகம் அறியப்படாத ஒருவர் தன் பக்கத்தை நீக்கக் கேட்டு, உரையாடலிலும் தெளிவான முடிவு வராவிட்டால், அவர் விருப்பப்படி நீக்கலாம் என்று ஆங்கில விக்கிப்பீடியா இடம் கொடுக்கிறது. நீண்ட காலம் பொதுப் பதவியில் இருந்து கொள்கை முடிவுகளில் பெயர் பதிந்தவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. இடையில் நிற்பவர்கள் நிறையப் பேர். ஒரு வெள்ளத்தின்போது பெயர் அடிபட்டு, பிறகு ஆவணக் காப்பகத்துக்கோ வேறெங்கோ மாற்றப்பட்டு, ஓய்வுக்கு இரண்டு ஆண்டு இருக்கும் ஓர் இணை இயக்குநர் அப்படிக் கேட்டால், நான் நீக்கச் சொல்லித்தான் எழுதுவேன். வெள்ளத்தைப் பற்றிய கட்டுரையில் அவர் அன்று எடுத்த முடிவும், விசாரணை அறிக்கை அதைப் பற்றிச் சொன்னதும் இருக்கட்டும்; பிறந்த தேதியும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அங்கே தேவையில்லை.